நட்டைத் தேடிய நேரம்

ஹலோ... ஹலோ! பூனாவா?... எஸ் சார், எஸ் சார், டிரங்க் கால் ஃப்ரம் மதுரா. மிஸ்டர் பேயாண்டி ப்ளீஸ்... ஸ்டோர் கிளார்க் பேயாண்டி, சார்... எஸ், பிரதர்... தேங்க்யூ சார்...

காளை மாமா, கூப்பிட ஆளு போயிருக்கு. நீங்க வெளியில அந்தப் பெஞ்சில உக்காருங்க.

ஹலோ... அண்ணே? நாந்தாண்ணே, சொக்கநாதன்... ஆமா, ஆமா, மதுர தந்தியாபீஸ்லருந்து பேசுறேன்... கேக்குதா?... அண்ணே, பக்கத்துல நாற்காலி இருந்தா உக்காரு... உக்காருன்னா உக்காரு...

அய்யா போயிட்டாருண்ணே.

...அண்ணே... இருக்கியா?... ஆமா, இன்னைக்குக் காலையில. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம்... இல்லண்ணே, ரொம்ப நேரம் கஷ்டப்படலையாம்...

என்ன?... 'யாம்'னா சொன்னேன்?... ஆமா... ஆமாண்ணே. நான் பக்கத்துல இல்ல. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு... பாலா? பால் காளை மாமாதான் ஊத்துனாரு. பக்கத்து வீட்டுக்காரரு, அவருதான ஓடியாரணும்...

அண்ணே, அழுகாத. மூணு நிமிசந்தான் குடுப்பாக. நான் கூப்பிட்டதே ஒண்ணு கேக்கத்தான். ஆத்தாளுக்குக் கடைக்குட்டின்னு நான் கொள்ளி வச்சேன். அய்யாவுக்கு மூத்தவன் நீதான் வைக்கணும். பங்காளிங்க விடமாட்டேங்குறாக. 'பேயாண்டி உசுரோட இருக்கையில இளையவன் எப்படி வைப்பான், அவன் வாயால உத்தரவு வாங்கிட்டு வா'ன்னு சொல்லி, காளை மாமாவையும் கூட அனுப்பிருக்காக. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா...

வாரியா? எப்புடிண்ணே? ரயிலேறி மெட்ராஸுக்கு வந்து, அங்க மாறி மதுரைக்கு வர ரெண்டு நாளாகுமே. சித்திரை வெயிலுண்ணே... தாங்காது... பாத்துட்டுத்தான் சொல்றேன், தாங்காது.

...எதுல போனேனா?... சைக்கிள்லதான்... ஆமா. நீ அனுப்புன மடக்குச் சைக்கிள்லதான்.

இல்ல, காலையில ஆளு வந்து சொன்னதுமே கெளம்பிட்டேன். ஒத்தக்கடை வரைக்கும் பஸ்ஸு. சைக்கிளை மடக்கி மேல ஏத்துனேன். கண்டக்டர்கூட ஒரு சண்டை, 'ஒடிஞ்ச சாமானை எல்லாம் ஏத்த மாட்டோம்'னு. ஒடியல அய்யா, மடங்கியிருக்குன்னு காட்டிக் கெஞ்சுனேன்... ஆமா, ஒத்தக்கடையில எறங்கி, விரிச்சு, கண்மாய்க்கரையில ஏறுனேன்... அங்கதாண்ணே.

அங்கதான் மடங்குச்சு.

...எப்புடின்னா, நடுவுல ரெண்டு கீல் இருக்குல்ல, மேல ஒண்ணு கீழ ஒண்ணு? விரிச்சதும் கீலு மடங்காமப் புடிக்கிறது காது வச்ச நட்டு. ஸ்பானர் வேணாம், கையாலயே முறுக்கிக்கிடலாம். அதோட சௌகரியம் அதுதான், வினையும் அதுதான். கையால முறுக்குனது, ரோட்டு அதிர்ச்சியில கொஞ்சங் கொஞ்சமா தானாக் கழண்டுக்கும். தார் ரோடுன்னா தாங்கும். கண்மாய்க்கரையில வண்டித்தடம் எப்புடியிருக்கும்னு உனக்குத் தெரியாதா...

முன்னாடியா?... அது... ஆமா, முன்னாடியும் விழுந்திருக்கேன். பழங்காநத்தத்துல நட்டநடுத் தெருவுல ஒரு தடவ. எங்க பள்ளிக்கூடத்துப் பசங்க பாத்துட்டானுக. 'வாத்தியார் சைக்கிள் தோப்புக்கரணம் போடுது'ன்னு ஒரு மாசம் சிரிச்சானுக. பெடலும் அப்புடித்தான். மடக்கையில உள்ள தள்ளுற மாதிரி வச்சிருக்கான், மிதிக்கையிலயும் சமயத்துல உள்ள போயிரும். காலு காத்துல மிதிக்கும்...

உனக்கு ஏன் சொல்லலையா? நீ ஆசையா வாங்கி ரயில்ல போட்டு அனுப்புன சாமான். 'ஓடுதாடா'ன்னு எப்பக் கேட்டாலும் ஓடுதுண்ணேன்னுதான் சொல்ல முடிஞ்சுது...

இல்ல, இல்ல, உன்னய யாரும் ஏமாத்தல. பட்டாளத்து ஏலத்துல எடுத்தாலும் நல்ல இரும்புண்ணே அது. நான் கழட்டிப் பாத்திருக்கேன், அழகாச் செஞ்சிருக்கான். ஆனா அவன் எதுக்குச் செஞ்சான்? சிப்பாய் ஏரோப்ளேன்லருந்து அதோட குதிப்பான். எறங்குனதும் விரிச்சுக்கிட்டு, சொன்ன எடத்துக்கு ஒரே ஒரு தடவ போவான். போயி, அங்கயே போட்டுட்டு நடப்பான். ஒரு தடவ போறதுக்குச் செஞ்சதுண்ணே. அதுல நான் தெனமும் பள்ளிக்கூடம் போனேன்...

என்னம்மா?... ஆயிருச்சா? இன்னொரு மூணு நிமிசம் போடுங்கம்மா. சாவுச் சேதிம்மா... ரொம்பப் புண்ணியம்...

அண்ணே... அப்புடிச் சொல்லாத. நீ வாங்குனதால ஒண்ணும் ஆகல... உன்னால இல்லங்குறேன்... அண்ணே, தலையில அடிச்சுக்காத, எனக்குச் சத்தம் கேக்குது. நான் சொல்றதக் கேளு.

மேல் நட்டு கழண்டு விழுந்துச்சு. வண்டி ரெண்டா மடங்கி, நான் கரைச் சரிவுல கெடந்தேன். அடியில்ல, முழங்கைதான். அங்கருந்து பாத்தா நம்ம ஊரு தெரியுதுண்ணே. நம்ம வீட்டு வேம்பு தெரியுது. அந்தச் சனியனை அங்கயே போட்டுட்டு ஓடியிருந்தா அய்யா மொகத்தப் பாத்திருப்பேன்.

நான் ஓடல. நட்டைத் தேடுனேன்.

...ஆமாண்ணே. முட்டி போட்டு, புழுதியக் கையால அளைஞ்சு அளைஞ்சு. நட்டு கெடச்சா மாட்டிக்கிட்டு வெரசாப் போயிரலாம்னு புத்தி. இந்தா கெடச்சுரும், இந்தா கெடச்சுரும்னு... கெடச்சுச்சுண்ணே. கெடச்சதுதான் கொடுமை. மாட்டுனேன், முறுக்குனேன், சரியா நிக்குதான்னு ஆட்டிப் பாத்துட்டு வேற ஏறுனேன். கரைய விட்டு எறங்கையில சங்குச் சத்தம் கேட்டுச்சு.

இப்பச் சொல்லு. சைக்கிளு மேலயா தப்பு? உம்மேலயா?

அய்யாவா?... கேட்டாராம். 'சின்னவன் வாரானா'ன்னு கேட்டாராம். 'சைக்கிள்ல வாரான், இந்தா வந்துருவான்'னு காளை மாமா சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. அய்யாவும் வாசலப் பாத்துக்கிட்டே...

அண்ணே... அழுகாதண்ணே. நானும் அழுதா நேரம் போயிரும். சாயங்காலத்துக்குள்ள எடுக்கணும். பால்தான் நான் ஊத்தல, கொள்ளியாவது... நீ வாயால சொல்லு. நான் போயிப் பங்காளிங்கள்ட்டச் சொல்லணும், எங்க அண்ணன் சொல்லிருச்சுன்னு. 'வை'ன்னு சொல்லு. ஒரே எழுத்துதாண்ணே... மூச்ச விட்டுட்டு, நிதானமாச் சொல்லு... நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்...

என்ன?... என்னண்ணே?... இரையுது, கேக்கல... வைக்கவா, வேணாமா?... அண்ணே... ஹலோ... ஹலோ!

ஹலோ... எக்ஸ்சேஞ்சாம்மா? லைனு போயிருச்சும்மா. பேசிக்கிட்டே இருக்கையில... மறுபடி பூனா எப்பக் கெடைக்கும்?... நாளைக்குக் காலையிலயா?... அதுக்கு முந்தி எதுவும்... சரிம்மா... இல்ல, உங்க மேல தப்பில்லம்மா.

காளை மாமா, எந்திரிங்க. பொழுது சாயுறதுக்குள்ள போகணும்... ஆமா, பேசிட்டேன்... ஆமா மாமா, அண்ணன் சொல்லிருச்சு. 'வை'ன்னு சொல்லிருச்சு. பங்காளிங்கள்ட்ட நீங்களே சொல்லிருங்க.

என்னம்மா?... ஓ, ரிசீவரை இன்னும் கையிலதான் வச்சிருக்கேனா... சரிம்மா.

வைக்கிறேன்.