பட்டுப்பாவாடை கட்டிய பதில்கள்

சந்தவாசலில் ஆரணி பஸ் ஏறி, ஏழு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்த பெண் சொன்னாள்: "எம் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லி நானே கெடுத்துட்டேங்க்கா."

அவள் பக்கத்தில் இருந்த அக்கா, ஆரணியில் சிறப்புக் குழந்தைகள் மையத்திலிருந்து மகனை அழைத்துவரப் போகிறவள்.

"அப்பிடி இன்னாத்த சொன்ன?"

"இவள பாக்க மையத்துலேர்ந்து டீச்சரம்மா வூட்டுக்கு வந்தாங்க. பட்டுப்பாவாட கட்டி, பூ வெச்சி, கேசரி கிண்டி வெச்சேன்."

"பொண்ணு பாக்கவா வந்தாங்க?"

"பேசுவாளான்னாங்க. நல்லா பேசுவான்னேன். தானே சாப்புடுவாளான்னாங்க. ஓ, சாப்புடுவாளேன்னேன். அப்பிடியே எழுதிகினு போயிட்டாங்க. இப்போ பேச்சுப் பயிற்சி லிஸ்ட்ல இவ பேரே இல்ல."

"வூட்டுக்கு வந்தவங்ககிட்ட கொறய சொல்ல வாய் வரல, இல்ல?"

"பெத்தவளாச்சேக்கா. இன்னிக்கி மையத்துல மறுபடியும் பாக்குறாங்க. உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன்."

"அவள கேட்டா அவளே சொல்லட்டும். நீ முந்திக்காத." அக்கா குழந்தையின் பக்கம் குனிந்தாள். "உம் பேரு இன்னாம்மா?"

தாய் வாயைத் திறந்தாள். சட்டென்று முந்தானையால் பொத்திக்கொண்டாள். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பியது.

"தே... வி," என்றது குழந்தை.

"ஐயே, இத அங்க சொல்லிடாத," என்று சிரித்தாள் அக்கா. "திரும்பவும் எல்லாம் தெரியும்னு எழுதிகினு பூடுவாங்க."

"சொல்லத்தான் போறேன்," என்றாள் தாய், முந்தானையை எடுக்காமலே. "இது ஒண்ணாச்சும் நெசமாச்சேக்கா."