பாத்ரூமில் ஏழு யானை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் பேருந்து, ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி.

“பாத்ரூம்ல ஏழு யானை நிக்குது. இன்னிக்கு ஒத்தக் கால்ல நின்னு குளிச்சேன்,” என்றாள் மனைவி.

கண்டக்டர் உட்பட நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டோம்.

“நம்ம செஸ் செட்ல நாலு யானைதானே?”

“பக்கத்து ஃப்ளாட்ல மூணு வாங்கினேன். நம்ம டைல்ஸுக்கு ஆறு பக்கம் இல்ல? நேரா, சாய்வா எப்படிப் பாத்தாலும் எந்த ரெண்டு யானையும் ஒரே வரிசைல வராம வைக்கணும். ஒரு டைல்னா ஒரு யானை, வைக்க ஒரே வழி. சுத்தி ஒரு வளையம் சேர்த்தா மூணு யானை, ரெண்டு வழி. இன்னொரு வளையத்துக்கு அஞ்சு யானை, ஆறு வழி. இப்ப மூணாவது வளையம்.”

“ஒண்ணு, ரெண்டு, ஆறு. ரெண்டால, மூணால பெருக்கின மாதிரி நாலால பெருக்கு. இருபத்தி நாலு! யானையை எடுத்து வை.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். காலைல இருபத்தஞ்சாவது கிடைச்சுது. மொத்தம் இருபத்தெட்டு!”

“வெச்சதையே திரும்ப எண்ணியிருப்ப.”

“சத்தியமா இல்ல.”

லாரி நகர்ந்தது. அவள் கைப்பை மேல் விரலால் கட்டங்கள் வரைந்துகொண்டே வந்தாள்.

“யானையை எடுத்துடாத. சாயங்காலம் நானே எண்ணிப் பாக்கறேன்,” என்றான் கணவன்.

“அப்ப குளிக்கிறது?”

“மாடம்பாக்கத்துல எங்கம்மா வீடு எதுக்கு இருக்கு?”