பத்து நிமிச ரெஸ்ட்டு

அதெப்படி மேடம், ரெஸ்ட் குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டீங்க? காத்தால சூப்ரவைசர் சுப்பிரமணி சார் வந்து, "காலேஜு மேடம் ரெண்டு வாரம் ஆராய்ச்சி பண்ணிட்டாங்க, ரெஸ்ட்டால பிரயோஜனம் இல்லியாம், நாளைலேருந்து யாருக்கும் கெடையாது"ன்னுட்டாரு. ஆங்... கொஞ்சம் நவுந்து உக்காருங்க. கும்முடிப்பூண்டி ஸ்டேசன்லயே இந்த ஒரு பெஞ்சுக்குத்தான் நெழலு.

நான் யாருன்னு தெர்லியா? அதான பாத்தேன். ரெண்டாம் லைன்ல கடைசி ஆளு. மூஞ்ச நிமித்தினாத்தான தெரியறதுக்கு! எங்க ஊட்டுக்காரரே, "உனக்கு வாயி கீதா இல்லியா"ன்னுவாரு. இன்னிக்கு இன்னாவோ மூட மாட்டேங்குது.

மனசப் பத்திப் படிக்கிற படிப்புன்னீங்க. நெஞ்சுல மிஷினு வெச்சிப் பாப்பீங்களோன்னு பயந்துக்கினு இருந்தேன். பாத்தா, நாங்க சுவிட்சு மாட்டி ரொப்பின ட்ரேவ எண்றீங்க! சீட்டு குலுக்கிப் போட்டீங்களே... ஒண்ணு வந்தா ஒண்ணாம் லைன், பத்து மணிக்குப் பத்து நிமிசம் ரெஸ்ட்டு, ரெண்டு வந்தா ரெண்டாம் லைன், ரெஸ்ட்டு இல்ல. மத்ததெல்லாம் ஒரே மாதிரி. அதே ஸ்க்ரூ, அதே சுவிட்சு, அதே ஃபேனு. அப்பதான் வித்தியாசம் வந்தா ரெஸ்ட்டாலதான்னு அடிச்சி சொல்லலாம், ரெண்டு லைனுக்கும் கேட்டு வாங்கலாம்னீங்க. ஆறாவதோட நின்னவ, எனக்கே புரிஞ்சிது!

என் ராசி, ரெண்டு வந்துது. "மாத்திக் குடுங்க மேடம், கம்பெனி குழந்த ரூம்ல என் புள்ள எபி கீறான், ஒம்போது மாசம், பாலு குடுக்கணும்"னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துது. வந்து அங்கியே உக்காந்துக்கிச்சி.

பத்து மணியானா அழுவான் மேடம். செவுத்துக்கு அந்தப் பக்கம்தான்... நல்லா கேக்கும். இங்க எனக்கு ஜாக்கெட்டு நனையும். கோட்டு பொத்தானப் போட்டு மறைச்சிக்கினு, சுவிட்சுல மாட்ட வேண்டிய ஸ்க்ரூவ மேசையில திருகிக்கினு இருப்பேன். இந்த அழகுல ட்ரே எப்டி ரொம்பும்?

கோச்சிக்காதீங்க மேடம்... உங்க ஆராய்ச்சியக் கெடுத்ததே நான்தான்.

எங்க ஆளுங்க கிட்ட ஒரு பழக்கம் கீது. ஷிப்ட் முடிய, எண்றதுக்கு முன்னாடி, ஜாஸ்தி பண்ணவ கம்மி பண்ணவ பக்கம் ட்ரேவ நவுத்தி உட்ருவா. யாரும் திட்டு வாங்கக் கூடாதுல்ல? மொத நாளு நான் பதினாலுல நிக்கிறேன். எதுருல உக்கார்ற ஒண்ணாம் லைன் கிரேஸ் அக்கா, ரெஸ்ட் எடுத்த தெம்புல, இருவத்திரெண்டு! கால லேசா இடிச்சேன். "அக்கா, நாலு தள்ளேன்." பதினெட்டு, பதினெட்டு! என்னப் பாத்து எங்க லைன்ல அல்லாரும் கேட்டாங்க. அவுங்களும் தள்ளிக்கினே இருந்தாங்க. நீங்க வந்து எண்ணும்போது தராசு மாதிரி சமமா கீது.

மானத்தக் காப்பாத்திக்கினேன்னு ஒரே பெரும வேற! வரவேண்டிய ரெஸ்ட்ட நானே தள்ளி உட்டுட்டு... என்னிய மாதிரி ஒரு முண்டம் இந்த சிப்காட்லயே கெடையாது.

இன்னொரு வாரம் பண்ணுங்க மேடம். அல்லார் கிட்டயும் நானே பேசிட்டேன். ஆமா, நான்தான்! ஒரு ட்ரேகூட நவுராது. சார் திட்னா வாங்கிக்கிறேன்.

தோ, வண்டி வந்துடுச்சி. ஏறுங்க, ஏறுங்க... இன்னா, நோட்ட எடுக்கறீங்களா? பேரு வாணாம், நம்பர் போதுமா? பரவால்ல, பேரையே எழுதிக்கோங்க. ஏஞ்சல். ரெண்டாம் லைன். மொத நாளு நெசக் கணக்கு, பதினாலு.