புகழேந்தி வீட்டுச் சத்தியம்

— அதனாலதான் சொல்றேன் புகழேந்தி தம்பி, வந்து ஒரு தட்டு தட்டி அணைச்சி சத்தியம் பண்ணிட்டுப் போயிடு. கற்பூரம்தான, குண்டா? எனக்கு எதுக்கு வம்பு, ஆனா அம்மன் வண்டில ஏறி உக்காந்தாச்சி. ஊரே கோயில் வாசல்ல நிக்குது. உனக்காகத்தான் இன்னும் கௌம்பல.

— எனக்காக நிக்க வேணாம்னு சொல்லு அமுதம் அக்கா. இல்லாத ஒண்ணு நின்னா இன்னா, போனா இன்னா.

— கேட்டியாடி மஞ்சுளா, உன் வூட்டுக்காரன் பேச்ச?

— கல்யாணம் ஆனதுலேர்ந்து அதத்தானக்கா கேட்டுகினு இருக்கேன்.

— ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கோயில்ல மணியும் மேளமும் தானா அடிக்குமே, அந்தக் கரண்டு மெஷினோட பெல்ட்ட எவனோ கழட்டிகினு போயிட்டான். அதுக்கு நான் எதுக்குக் கற்பூரம் அணைக்கணும்? லாஜிக் இருக்கா இதுல?

— நான் எதுவும் சொல்லலப்பா. தர்மகர்த்தா அரங்கநாதன்தான் சொல்றாரு. ஒரு கீறல் இல்லாம கழட்டியிருக்கு, திருபுவனை கம்பெனில பிட்டரா இருக்கறவன் கைதான் இவ்ளோ சுத்தமா வேலை செய்யும்னாரு. அதுவும் அவரு மச்சான் பிரான்சுலேர்ந்து பணம் அனுப்பி வாங்கிக் குடுத்த மெஷினு. அவருக்கு வவுறு எரியாதா? அப்புறம், நீதான தம்பி கோயில் வாசல்லயே நின்னு கத்தின, இந்தச் சத்தத்துல எம்பொண்ணு சுவேதா தூங்க முடியல, ஒரு நாளைக்கி இத நானே நிறுத்தறேன்னு? நான் ஒட்டுக் கேக்கல. குழாயில தண்ணி புடிச்சிகினு இருந்தேன், காதுல வுழுந்துது.

— நிறுத்தறேன்னா மனு குடுத்து நிறுத்தறேன்னு அர்த்தம்.

— அத நீ கத்தறப்ப சொல்லலியே.

— அக்கா, லாஜிக்கா யோசி. நான் ஸ்கூல் புள்ளைங்க முன்னால எரியற கற்பூரத்த நாக்குல வெச்சிக் காட்டினவன். சூடு மேலதான் போவும். சட்டுனு அணைச்சா எவன் கையும் சுடாது. யோக்கியன் அணைச்சாலும் சுடாது, திருடன் அணைச்சாலும் சுடாது. இத வெச்சி நீங்க இன்னாத்தக் கண்டுபுடிப்பீங்க?

— அதையேதான் அங்க கூட்டத்துல நம்ம தெரு சாமிக்கண்ணு சொன்னான். இவனுக்கு வித்தை தெரியும், இவன் அணைச்சா செல்லாதுன்னு ஒரே புடியா நின்னான். அரங்கநாதன்தான் பெரிய மனசு பண்ணி, தலைக்குத் தண்ணி ஊத்திகினு, ஈர வேட்டியோட, நெத்தி நெறைய துன்னூறு பூசிகினு வரட்டும், ஒத்துக்கலாம்னாரு. நானும் தொடல, என் வூட்டாரும் தொடல, தொட்டவங்க யாருன்னும் எனக்குத் தெரியாது. இவ்ளோதான் சொல்லணும்.

— துன்னூறு வேறயா.

— பொய்யா அணைச்சா சுடறது கைய இல்ல தம்பி, பெத்த புள்ளைய. நம்ம நடேசன் இல்ல, அவங்க அப்பா வரப்புத் தகராறுல பொய்யா அணைச்சிட்டு வூடு திரும்பல, அதுக்குள்ள பெரிய பையனப் பாம்பு கடிச்சிட்டுது. நம்ம செலியமேடு ஊரு முழுக்க தெரியும்.

— வயக்காட்டுல பாம்பு கடிக்காம மானா கடிக்கும்?

— இப்டிப் பேசிப் பேசித்தான் ஊர்ப் பகைய வாங்கி வெச்சிருக்க.

— சரி, நான் வரல. இன்னா பண்ணுவாங்க?

— இனிமே உங்க வூட்டுக் கோயில் வரிய வாங்க மாட்டாங்க. அம்மன் வண்டி உங்க வாசல்ல நிக்காது.

— நிம்மதி.

— உனக்கு நிம்மதி. உன் வாசலும் என் வாசலும் ஒட்டிகினு கெடக்குது. ரெண்டு வூட்டுக்கும் சேத்து ஒரே எடத்துலதான் வண்டி நிக்கும். உனக்கு நிக்கலன்னா எனக்கும் போச்சி. தேங்கா பழத் தட்டத் தூக்கிகினு நான் வண்டி பின்னாலயே ஓடணுமா, இந்த முட்டி வலியோட?

— ஏங்க, எனக்காவ ஒரு வாட்டி போயிட்டு வந்துடுங்க. பாப்பாவ அம்மன் முன்னால நிறுத்தி வேப்பிலை அடிக்கணும்னு ஆடி பொறந்ததுலேர்ந்து காத்துகினு இருக்கேன். அதுக்கு மறுபடியும் வலிப்பு வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் ஏது?

— வலிப்புக்கு மாத்திரை இருக்கு மஞ்சுளா. வேப்பிலைல ஒண்ணும் இல்ல.

— அந்த மாத்திரைய எழுதற டாக்டர் கையில இருக்கறது யாரு?

— பேனா.

— என் கருமம். அக்கா, இதுகிட்ட நான் எப்டிக் குப்ப கொட்டறேன்னு பாத்தியா? நடுவுல ரெண்டு வருசம் வராம இருந்துதே, அது யாராலங்க?

— மாத்திரையால.

— அப்புறம் ஏன் வந்துது? மாத்திரைய நிறுத்தினோமா?

— வளர்ற புள்ள. எடை ஏறுது, டோஸ் பத்தல. இப்ப ஏத்திக் குடுத்தாங்க, நின்னுடுச்சி.

— வந்தாலும் மாத்திரை, நின்னாலும் மாத்திரை. உங்க சாமிக்கு மட்டும் எல்லாத்துக்கும் பதில் இருக்கு.

— அது சாமி இல்ல.

— வேளை தவறாம எடுத்து வெக்கறதப் பாத்தா அப்டித்தான் தெரியுது.

— உங்க வழக்கு தீர்றதுக்குள்ள அம்மன் எறங்கி நடந்தே போயிடுவா. இந்தா, முக்கியமானத மறந்துட்டேன் பாரு. இவன் வரலன்னா மஞ்சுளா வந்து அணைக்கட்டும்னு அரங்கநாதன் சம்சாரமே சொல்லிடுச்சி. அவ வெள்ளிக்கெழம தவறாதவ, அவ கைய ஊரே ஒத்துக்கும்னுது. சாமிக்கண்ணு கூட வாயத் தொறக்கல.

— இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அக்கா, போய் மஞ்சுளா வரான்னு சொல்லிடு.

— நான் வர்ல.

— இன்னாடி, வர்லியா?

— அக்கா, நீ போ. ஆளு வருதுன்னு மட்டும் சொல்லி வை. பாப்பா உன் வூட்லதான இருக்கு?

— டிவி பாக்குது. நான் போறேன்மா, எனக்கு எதுக்கு வம்பு. கதவ மட்டும் சாத்தாதீங்க, புழுங்கும்.

— போயிட்டாங்களா?

— செருப்புச் சத்தம் கேக்கல.

— அக்கா.

— போறேன்டி, செருப்பத்தான் தேடிகினு இருக்கேன்.

— இப்ப போயிட்டாங்க. சொல்லு மஞ்சுளா, இதுல எங்க இடிக்குது? நீ நம்பறவ. நம்ம பக்கம் தப்பு இல்ல. உன் கைய ஊரும் ஒத்துக்குது. நம்பாதவன ஈர வேட்டி கட்டி நிக்க வெக்கறதுக்குப் பதிலா, நீ போயி ஒரு தட்டு தட்டினா முடிஞ்சிது.

— நீங்கதான் போவணும்.

— அதான் ஏன்?

— போங்கன்னா போங்களேன். எல்லாத்துக்கும் ஏன், எதுக்கு.

— உன் அம்மன் மேல உனக்கே நம்பிக்கை இல்லியா? தப்பு பண்ணாதவங்கள அவ இன்னா பண்ணிடுவா?

— நீங்க அணைச்சா உண்மை. நான் அணைச்சா பொய்.

— இன்னா சொல்ற?

— அரிசி டிரம்முக்குள்ள கையவுட்டுப் பாருங்க. அடியில இருக்கு.

— மஞ்சுளா.

— அந்த வாரம் கோயில் கூட்டற மொற நம்மளுது. விடியகாலம், ஒரு ஈ காக்கா இல்ல. நீங்கதான நம்ம கிரைண்டருக்கு பெல்ட் மாத்தறப்ப, சக்கரத்த ஒரு கையால சுத்திகினே இழுத்தா தானா வந்துடும்னு காட்டிக் குடுத்தீங்க. தானா வந்துட்டுது.

— நான் கத்தினேன், சரி. நான் நம்பாதவன். நீ கும்புடறவ, நீ ஏன்டி?

— கும்புடறதாலதான். தெர தொறக்கற நேரத்துலதான் பாப்பாவப் பத்தி அவகிட்ட சொல்லுவேன். அந்த மெஷினு வந்ததுலேர்ந்து நான் சொல்றது எனக்கே கேக்கல, அவளுக்கு எங்க கேக்கும்? மெஷினு வந்தது சித்திர. பாப்பாவுக்கு மறுபடி இழுத்தது வைகாசி. கழட்டினேன். அப்புறம் வர்ல.

— டோஸ் ஏத்தினது அதே வாரம்.

— பெல்ட்டக் கழட்டினதும் அதே வாரம்.

— ரெண்டையும் ஒரே வாரத்துல பண்ணா எதனால நின்னுதுன்னு எப்டிடி தெரியும்?

— தெரிய வேணாங்க. நின்னா போதும்.

— இத என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

— எதுக்கு? தெரியாம சொல்றது பொய்ல சேராது. நீங்க பாட்டுக்குப் போயி, என் வூட்டார் தொடலன்னு மனசறிஞ்சி சொல்லிட்டு வந்திருப்பீங்க. அவளுக்கும் அது புரிஞ்சிருக்கும். கேட்டுக் கேட்டு என் வாயப் புடுங்கி, அதையும் கெடுத்துட்டீங்க. இப்ப இந்த வூட்ல கற்பூரம் அணைக்க ஒரு கை இல்ல.

— அழாத. துண்ட எடு. நான் போறேன்.

— வேணாங்க. இப்ப நீங்க தெரிஞ்சே சொல்றீங்க.

— யாருகிட்ட? இல்லாதவகிட்ட பொய் சொன்னா யாரு வந்து கேக்கப் போறா? நான் போவலன்னா உன்னக் கூப்புடுவாங்க. நீ அங்க நின்னு முழிச்சின்னா ஊருக்கே புரிஞ்சிடும். அது வெறும் கற்பூரம் மஞ்சுளா. கார்பன், ஹைட்ரஜன், கொஞ்சூண்டு ஆக்சிஜன். எனக்கு ஒண்ணும் ஆவாது.

— உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கும் தெரியும்.

— துண்டக் குடு.

— இந்தாங்க.

— துன்னூறு எங்க?

— சாமி மாடத்துல. எங்க இருக்குன்னு கூடத் தெரியாது.

— மஞ்சுளா.

— இன்னா?

— நீ கோயிலுக்கு வர வேணாம். அக்கா வூட்ல பாப்பா கூடவே இரு.

— வேப்பிலை அடிக்கணுமே. வண்டி வாசலுக்கு வந்துடுமே.

— வந்தா வரட்டும். இன்னிக்கி வேணாம். கதவச் சாத்திகினு உள்ளயே இரு. நான் அணைச்சிட்டு வந்து, புள்ள எப்டி இருக்குன்னு என் கண்ணால பாக்கற வரைக்கும், அத வெளிய வுடாத.