அணைச்சு வச்ச திருத்தம்

— முதுகு விட்டுப் போச்சு தம்பி. உன் மெஷினை நம்ப முடியாம, பக்கத்து ரூம் பழைய மெஷின்லயே இன்னைக்கு நாப்பத்திரண்டு பேருக்கு ஸ்கேன் பாத்தேன்.

— இதுல என்னதான் கோளாறு டாக்டரம்மா?

— பேய் காட்டுது. இதயத்துலேர்ந்து வயித்துக்குள்ள இறங்கற பெரிய ரத்தக்குழாய் ஒண்ணுதானே? போன வாரம் வந்த பெரியவருக்கு ரெண்டு ஓடுது. மனுஷன் பயத்துல வேர்த்துக் கொட்டிட்டார்.

— நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கோங்க, செட்டிங்கைப் பாக்கறேன்.

— பாரு. வீட்டுல எப்படி இருக்கா?

— இருக்கா. ரெட்டைப் புள்ளை இல்லையா, வாந்தியும் ரெட்டிப்பா வருது. ஏழு வருஷம் காத்திருந்ததுக்கு வட்டியும் முதலுமாக் கிடைச்சிருக்குன்னு என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க.

— ம். நீ வேலையைப் பாரு.

— சுருக்கமா சொல்றேன் டாக்டரம்மா. சத்தத்தை உள்ள அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை வச்சுத்தானே படம் போடுது? உடம்பு முழுக்க ஒரே வேகத்துல போகும்னு மெஷினுக்கு நினைப்பு. ஆனா கொழுப்புல மெதுவாப் போகும், நடுவயித்துத் தசையில வளைஞ்சு போகும். தண்ணி கிளாஸ்ல கரண்டி ஒடிஞ்ச மாதிரி தெரியுமே, அதுதான். உள்ள ஒண்ணு இருந்தா, படத்துல பக்கத்துலயே இன்னொண்ணு வந்து நிக்கும்.

— இதுதான் உன் சுருக்கமா? அதைச் சரி பண்ணத்தானே ஏதோ திருத்தம் போட்டுக் குடுத்தே?

— போட்டேன். இப்ப அது அணைஞ்சு கிடக்கு.

— எவன் அணைச்சான்?

— நான்தான். இருபத்தோரு நாள் ஆச்சு. படம் ஆமை மாதிரி வருது, வெளிய கூட்டம் நெரியுதுன்னு நீங்கதான் சத்தம் போட்டீங்க. ஒரு வாரத்துல வந்து மறுபடி போட்டுடறேன்னேன். வரல.

— நல்ல ஜோடி போ, நீயும் நானும்.

— இந்தாங்க, போட்டாச்சு. என் வயித்துலயே வச்சுப் பாருங்க. ஐயோ, ஜில்லுங்குது.

— அசையாதே. ம், ஒரே குழாய்தான். தொப்பையும் தெரியுது.

— சிரிக்காதீங்க. அணைஞ்சு கிடந்த நாள்ல எத்தனை பேருக்குத் தப்பாச் சொல்லியிருக்கோம்?

— பழைய படத்தையெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். மூணு கர்ப்பிணிங்க. ஒண்ணை ரெண்டுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். ரெண்டு பேரைக் கூப்பிட்டுச் சொல்லியாச்சு.

— மூணாவது?

— டீ சொல்லட்டுமா உனக்கு?

— பேச்சை மாத்தாதீங்க டாக்டரம்மா. மூணாவது என் பொண்டாட்டி.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அன்னைக்கு இதே இடத்துல அவ கையைப் புடிச்சுட்டு நின்னேனே. ரெண்டும் ஒரே தாளத்துல துடிச்சுது. பதினஞ்சு வருஷமா இந்தப் பேயைப் பாக்கறவன் நான், தெரியாமப் போகுமா? முந்தின நாள்தான் திருத்தத்தை அணைச்சுட்டுப் போயிருந்தேன்.

— தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?

— அவ சிரிச்சா டாக்டரம்மா. ஏழு வருஷத்துல இந்த மேஜையில படுத்து அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள மரக்கடைக்குப் போன் பண்ணி ரெண்டு தொட்டில் சொல்லிட்டா. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன். இங்க வந்து திருத்தத்தைப் போடவும் கை வரல. போட்டா ஒண்ணு போயிடுமில்ல?

— அடப்பாவி. அந்தப் பெரியவர் வேர்த்தது உன்னாலயா?

— தப்புதான். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கறேன். ஆனா இனிமே வீட்டுல நடிக்கத் தெம்பு இல்ல. தினம் சாயங்காலம் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துட்டு உக்கார்றேன், அவ வந்து பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கா. நீங்க அவளை வரச் சொல்லி, நீங்களே சொல்லிடுங்க. நான் வெளிய நிக்கறேன்.

— அவ நேத்துக் காலையிலயே வந்துட்டுப் போயிட்டா தம்பி. பக்கத்து ரூம் மெஷின்ல பாத்தோம். ஒண்ணுதான். நல்லாத் துடிக்குது.

— நேத்தா? நேத்து ராத்திரி கூட புள்ளைங்களுக்கு ரெண்டு பேர் யோசிச்சு வைங்கன்னு சொன்னாளே! இங்க அழுதாளா?

— அழல. 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். ரெண்டாவது தொட்டிலுக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சு முடிச்சார், தாங்க மாட்டார்'னு என் கையைப் புடிச்சுக்கிட்டா.