பதினொரு முறை மூடிய கண்

புகைப்படக்காரர் சங்கத் தலைவர் அவர்களுக்கு, போத்தனூர் மாசாணம் எழுதுவது. இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் கேமராவில் நாளையே கரையான் ஏறட்டும். என் இரண்டு கண்ணாலும் பார்த்ததை மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் கல்யாணத்தில் வெண்பொங்கல் பிரமாதம். நெய் முழங்கை வரை வழிந்தது. அதனால் நான் கோபத்தில் செய்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிறு நிறைந்தவனுக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, அவிநாசியில் கல்யாணம். பெண் கனகம், மில்காரர் மகள். அவள் காதுகுத்திலிருந்து அந்த வீட்டுக்கு நான்தான் போட்டோ. மாப்பிள்ளை வீடு பல்லடம். அவர்கள் பங்குக்கு நம் சங்கத்து ரங்கராஜைக் கூட்டி வந்திருந்தார்கள். பிலிம் இல்லாமல் பிளாப்பி போட்டு எடுக்கிற கேமராவை நம் ஆட்களில் அவன் ஒருவன்தான் வைத்திருந்தான். அமுக்கியதும் முதுகுப்பக்கம் தீப்பெட்டி அளவுத் திரையில் படம் வந்து நிற்கும்.

ஆனி மாதக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். எடுக்க எடுக்கத் திரையில் பார்க்கலாமா கூடாதா என்று பேச்சு வந்தது.

“பாத்துப் பாத்து எடுத்தாத் தப்பே வராதுங்ணா” என்றான் ரங்கராஜ். “பிலிமைக் கழுவற வரைக்கும் எதுக்குங்க வவுத்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரியோணும்?”

“எடுத்ததை நீ குனிஞ்சு பாத்துட்டு நிக்கையில, முன்னால கல்யாணமே முடிஞ்சுபோயிருமப்பா” என்றேன் நான்.

“அண்ணனுக்குப் பாக்கறதுக்குத் திரை இல்லீங்க. அதனால பாக்கக் கூடாதுங்கறாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டேன்.

என் தொழில் முறை வேறு. மேடைக்கு ஏழு காலடி என்று நடந்து பார்த்துக்கொண்டால் போதும், லென்ஸ் வளையத்தில் விரல் தானாக நிற்கும். வளையல் சத்தம் எந்தப் பக்கமோ, கேமரா அந்தப் பக்கம். பார்த்து எடுப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை. அந்தக் கல்யாணத்தில் என் பிலிம் ரோலில் பாதி வாழைமரமாக வந்ததற்கு லேப்காரர்கள்தான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம். மாப்பிள்ளையின் பெரியப்பா கோபாலசாமி காப்பியைக்கூடக் குடிக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “ஏழரைக்குள்ள முடிச்சு விழுந்தாகோணும். இல்லீன்னா நாங்க பஸ் ஏறிருவமுங்க.”

ஏழு ஐந்துக்கு மாப்பிள்ளை தாலியைக் கனகத்தின் கழுத்தருகே கொண்டுபோனார். “மாப்ளே, அப்படியே நிறுத்துங்க” என்று சொல்லி ரங்கராஜ் அமுக்கினான். திரையைப் பார்த்தான். வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைக் குவித்தான், சட்டையை இழுத்து மறைத்தான், ஒன்றும் நடக்கவில்லை.

பழைய ஸ்டாண்டு கேமராவின் கறுப்புத் துணி எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்தேன்.

“எடத்தை உட்டு நகராத சாமி. கேமராவை இப்படிக் குடு, நான் பாத்துச் சொல்றேன்.”

“உங்களுக்குப் பெரிய மனசுங்ணா.”

துணிக்குள் தலையை விட்டேன். உள்ளே சுகமாக இருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தேன்.

“கண்ணு மூடியிருக்குது” என்றேன். “அதை அழிச்சுப்போடு, பிளாப்பியில எடம் வேணுமில்ல.”

அவன் அழித்துவிட்டு மறுபடி எடுத்தான். மறுபடி துணி. மறுபடி, “மூடியிருக்குது.”

“அம்மணி, கண்ணை நல்லாத் தொறந்து வெய்யி” என்றாள் கனகத்தின் பெரியம்மா.

“தொறந்துதான் பெரிம்மா வெச்சிருக்கறேன்.”

“இன்னும் அகலமாத் தொற. நூறு வருசத்துக்கு மாட்டி வெக்கற படம்.”

ஆறாவது படத்துக்கு அந்தப் பெண் ஓமப் புகையில் இமைக்காமல் அமர்ந்திருந்தாள், கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. எட்டாவதுக்கு ஐயர் மந்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். “அண்ணா, இதுவாச்சும் பாருங்க” என்று ரங்கராஜ் என்னைக் கும்பிட்டான். நானும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத்தான் பார்த்தேன். பதினொன்றாவதுக்குப் பிறகு, இருபது நிமிஷத்துக்கு மேல் தூக்கியே வைத்திருந்த மாப்பிள்ளையின் கை மரத்துப்போய், தாலி நழுவி ஓமகுண்டத்தில் விழுந்தது. இடுக்கியைத் தேடி எடுத்து வருவதற்குள் ஏழு முப்பத்திரண்டு.

கோபாலசாமி சொன்ன சொல் தவறாதவர். எட்டு மணிக்கெல்லாம் இரண்டு பஸ்ஸும் பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. பந்தி பாதியில் நின்றதால் பொங்கல் நிறைய மிஞ்சியது.

கனகம் மாலையைக் கழற்றாமல் என்னிடம் வந்தாள். “ஏனுங்க, எம்பட கண்ணு நெசமாலுமே மூடியிருந்துச்சுங்களா?”

“ஆமா கண்ணு. பதினோரு வாட்டியும்.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் அவள் யாரிடம் பேசினாலும் இமைப்பதே இல்லையாம். புதிதாக வந்த இரண்டு வரன்காரர்கள் பயந்து எழுந்து போய்விட்டார்களாம்.

புரட்டாசிக் கூட்டத்தில், விசேஷத்தின் நடுவே யாரும் திரையைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டீர்கள். சங்கத்திலிருந்து ரங்கராஜ் பெயரை அடித்தீர்கள். ஒரு குரல்கூட எதிர்க்கவில்லை. அவன் இப்போது பல்லடத்தில் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிறான். அங்கேயும் ஒவ்வொன்றையும் விளக்கில் தூக்கிப் பார்த்துத்தான் வைக்கிறானாம். பழக்கம் விடுமா?

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மனசு உறுத்தி அல்ல. “மாசாணத்துக்கு வயசாயிப்போச்சு, அன்னைக்குப் பாவம் ஏதோ தெரியாமச் சொல்லிப்போட்டாரு” என்று டீக்கடையில் நம் ஆட்களே பேசுகிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தெரியாமல் சொல்லவில்லை, ஐயா. பதினொரு படத்திலும் கனகத்தின் கண்கள் திறந்தே இருந்தன. துணிக்குள் பளிச்சென்று பார்த்தேன். ஏழாவதில் இடது கண் ஓரம் மை கலைந்திருந்தது, ஒன்பதாவதில் இமையில் ஒரு அட்சதை அரிசி ஒட்டியிருந்தது. அவ்வளவையும் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, நிதானமாகப் பொய் சொன்னேன். கல்யாணத்தைக் கெடுத்தது நான். ரங்கராஜைக் கெடுத்ததும் நான். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, தீர்மானப் புத்தகத்தில் ‘தெரிந்தே செய்தார்’ என்று எழுதிவிடுங்கள்.

வைத்திய உதவிக்காக நீங்கள் கேட்டிருந்த டாக்டர் சீட்டையும் இதே கவரில் வைத்திருக்கிறேன்: கண்ணில் புரை எடுத்தது ஐப்பசியில், அதற்கு முன் இரண்டு வருஷமாக, முகத்துக்கு நேரே நீட்டிய விரல்களை இரண்டு கண்ணாலும் என்னால் எண்ண முடியவில்லை.