மேற்குத் தெரு முனையில் நின்ற கார்

இரவு பன்னிரண்டரை. எழுமலையிலிருந்து உசிலம்பட்டிக்கு வரும் ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம், அதற்கப்பால் வறண்ட கண்மாய். எதிரே ஒரு லாரிகூட இல்லை. அந்த ரோட்டில் தனியாக ஒரு கார் வருகிறது... கூரை இல்லாத கார்.

நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதையில்லை இது. தெப்பக்குளத்துக் காற்று வேறு பாதியைக் கொண்டு போய்விடும்.

முத்துக்குமரனின் மச்சான் சிவபாண்டிக்கு நடந்தது. முத்துக்குமரன் என்னோடு நைட் ஷிப்டில் இருந்தவன். நான் வேலையை விட்டுவிட்டேன், அவன் இன்னும் இருக்கிறான். சிவபாண்டி இதைச் சொன்னபோது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தில்தான் என்று நினைத்தேன். பயமில்லை அது.

பசுமலையில் அழகுமலை என்பவர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்ட கார். பழைய காரை வாங்கி, கூரையை வெட்டி எடுத்து, விளிம்பைப் பற்றவைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. மடக்கி விரிக்கும் கூரையெல்லாம் கிடையாது. வெயிலோ மழையோ, தலைக்கு மேலே வானம்தான். மாப்பிள்ளை அதில் ஒரு மணி நேரம் ராஜா. டிரைவருக்குத்தான் போக நூறு கிலோமீட்டர், வர நூறு. கம்பம், ராஜபாளையம், திருச்செந்தூர் வரைக்கும் சிவபாண்டி ஓட்டியிருக்கிறான். பகலில் ஸ்டீயரிங் கையைச் சுடும். இரவில் பூச்சி வாய்க்குள் போகும். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் நிற்க வேண்டும், பாலம் இல்லையென்றால் நனைய வேண்டும். தலையையும் வாயையும் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டுவான்.

டோல்கேட்டில் கேட்பார்கள். "ஏண்ணே, கூரைய எங்க தொலைச்சீக?"

"காத்துல பறந்துருச்சு மாப்ள. பின்னாடி வருது, வந்தா அதுக்கும் சீட்டுப் போட்டு அனுப்பு."

துண்டின் நுனி காதோரம் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். வழி முழுக்க அந்தச் சத்தம்தான். அது இல்லாவிட்டால் வண்டி ஓட்டியது போலவே இருக்காது என்பான்.

அன்றைக்குக் கல்யாணம் எழுமலைக்கு அப்பால் ஓர் ஊரில். பேர் வேண்டாம். சொன்னால் உங்களில் யாருக்காவது அங்கே சொந்தம் இருக்கும்.

மாப்பிள்ளை வீரணன். காலனிப் பிள்ளை. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. அந்த ஊரில் காலனிக்காரர்கள் யாரும் மேற்குத் தெரு வழியாக மாப்பிள்ளை ஊர்வலம் போனதில்லை. போகக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. போனதில்லை, அவ்வளவுதான். வீரணனின் அப்பா தவசி, முப்பது வருஷம் அந்தத் தெருமுனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, மறுமுனை வரை உருட்டிக்கொண்டே போனவர். என் மகன் கல்யாணத்துக்கு இந்தத் தெருவில் காரில் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார்.

சிவபாண்டியும் அதே ஜாதி. விசாரித்துத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேறு டிரைவர் என்றால் தெருமுனையில் மக்கர் பண்ணுவான், நம்ம பையன் பண்ண மாட்டான் என்று.

ஊர்வலம் கிளம்பும்போது வீரணனின் அம்மா மலையம்மாள் மாலை போட்ட தவசியின் போட்டோவைக் கொண்டுவந்து முன் சீட்டில் சாய்த்து வைத்தாள். காற்றுக்கு விழாமல் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினாள்.

"அவரும் வரட்டும்ப்பா. மெதுவா ஓட்டு. பழக்கமில்லாத ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பின்னால் மாப்பிள்ளை. முன்னால் மேளம். காலனியைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கார் மேற்குத் தெரு முனைக்கு வந்தது. அங்கே விளக்குக் கம்பத்துக்கு அடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டார். அவ்வளவுதான். யாரும் மறிக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆள் வீட்டுக்குப் போகத்தான் எழுந்தாரோ என்னவோ.

சிவபாண்டி என்ஜினை அணைத்தான்.

"சூடாயிருச்சு தம்பி. ரேடியேட்டரு. இதுக்கு மேல போகாது... இறங்கிக்கங்க."

மேளம் நின்றது. வீரணன் இறங்கினான். பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு காரின் முன்பக்கம் வந்தான். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. சூடாக இருந்தால் எடுத்திருப்பான்.

"நெசமாவே சூடாண்ணே?"

"ஆமா."

"சரிண்ணே."

வாய்க்கால் கரை வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தே போனான். கூட வந்தவர்களும் பின்னாலேயே போனார்கள். கரையில் விளக்கு இல்லை. செல்போன் வெளிச்சம் மட்டும் வரிசையாகப் போனது.

சிவபாண்டிக்கு இது முதல் தடவையில்லை. இதற்கு முன்னால் வேறு வேறு ஊர்களில் மூன்று தடவை. ஒருமுறை பெட்ரோல் இல்லை என்றான், ஒருமுறை பஞ்சர், ஒருமுறை கிளட்ச். எல்லாம் நம்ம ஆள்கள் கல்யாணம். கண்ணாடி உடைந்தால் அழகுமலைக்கு யார் பதில் சொல்வது, நாளைக்கு இந்தப் பக்கம் வண்டி ஓட்ட வேண்டாமா என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்வான். அந்த மூன்று தடவையும் யாரும் பானெட்டில் கை வைத்துப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு தெருமுனையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் வண்டியைத் திருப்பினான்.

இப்போது அந்த ரோடு.

முதலில் ஒரு சத்தம். டக்... டக்... பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம். சீட் பெல்ட் கொக்கி கண்ணாடியில் மோதுகிற சத்தம். திரும்பிப் பார்த்தான். போட்டோ. இறங்கிய அவசரத்தில் யாரும் அதை எடுக்கவில்லை. அவனும் கவனிக்கவில்லை. மாலையிலிருந்து பூ ஒவ்வொன்றாகக் காற்றில் பிய்ந்து போய்க்கொண்டிருந்தது.

உசிலம்பட்டியில் யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்தான். அப்படி நினைத்தபோதே தெரியுமாம்... கொடுக்கப் போவதில்லை என்று.

அப்போது துண்டு நின்றது.

காதோரம் அடித்துக்கொண்டிருந்த நுனி பட்டென்று தோளில் விழுந்தது. முள் அறுபதில் நிற்கிறது. மரங்கள் பின்னால் ஓடுகின்றன. முகத்தில் காற்று இல்லை. கூரை இல்லாத காரில், அறுபதில், ஒரு பொட்டுக் காற்று இல்லை. மூடிய அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல. தன் மூச்சு தனக்கே கேட்டது. மாலையில் மிச்சமிருந்த பூ அசையவில்லை.

பிறகு வாசனை. வயலிலிருந்து நேராக வந்த ஆளின் வேர்வை, சேறு, பீடிப் புகை. வண்டி இடதுபக்கம் லேசாகத் தாழ்ந்தது.

"சூடு ஆறிருச்சாப்பா?"

மெதுவான குரல். அக்கறையாகக் கேட்ட குரல். அந்தக் காரில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இதை அவன் காதுக்குள் பேசுவது போலக் கேட்டான். "திட்டியிருந்தா வண்டிய மரத்துல விட்டுட்டு நிம்மதியாச் செத்திருப்பேன்" என்றான் என்னிடம்.

ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்னும் அழுத்தினான். எழுபது, எண்பது. காற்று இல்லை.

"அவசரமில்லப்பா. ஆறட்டும். நா நடந்தே பழகுனவன்தான்."

சிவபாண்டி நடுரோட்டில் வண்டியைத் திருப்பினான். கார் மூக்கு ஊரைப் பார்த்துத் திரும்பிய அந்த நொடியில் காற்று முகத்தில் அறைந்தது. துண்டு படபடவென்று அடித்தது. ஒரு முறை மனம் மாறி மறுபடி மதுரைப் பக்கம் திருப்பினான். காற்று நின்றது. அதன் பிறகு அவன் திருப்பவில்லை.

மேற்குத் தெரு முனை. விளக்குக் கம்பத்துக்கு அடியில் யாரும் இல்லை. முதல் கியரில், ஊர்வலம் போகிற வேகத்தில் உள்ளே நுழைந்தான். வாசல்களில் கட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாய்கள் எழுந்து நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. கார் பக்கத்தில் வரவர ஒதுங்கி வழிவிட்டன. தெரு நீளம் இருநூறு அடி இருக்கும். அவ்வளவு தூரமும் கியர் மாற்றவில்லை. வண்டி வரவரக் கனத்தது. சின்ன ஏற்றத்தில் என்ஜின் முக்கியது, நிறைய ஆள்களை ஏற்றியது மாதிரி. அவன் பக்கத்துச் சீட்டைப் பார்க்கவில்லை. நடுக் கண்ணாடியை எப்போதோ வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான்.

மறுமுனையைத் தாண்டி, மண்டபத்துப் பந்தலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விடிந்தால் முகூர்த்தம். பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவபாண்டி போட்டோவை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, காரை விட்டுப் பத்தடி நடந்து மலையம்மாள் முன்னால் நின்றான். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டதைச் சொன்னான்.

"அத்த... வண்டி சூடாகல. நாந்தேன் நிப்பாட்டுனேன். பயந்துட்டேன்."

மலையம்மாள் போட்டோவை வாங்கி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"தெரியும்ப்பா. வீரணன் வந்ததும் சொன்னான். அண்ணனை யாரும் ஒண்ணும் கேக்காதீகன்னுட்டான்."

இதைச் சொல்லும்போது சிவபாண்டி நிறுத்திவிட்டான். தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், குடிக்காமல் மூடினான். நான் அது என்ன ஊர் என்று கேட்டேன். நானும் எப்படிப்பட்ட ஆள் பாருங்கள். இறங்கச் சொல்லும்போது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை, ஊர் பேர் கேட்டேன்.

பிறகு சொன்னான். மலையம்மாள் நிமிர்ந்து அவன் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்திருக்கிறாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்திருக்கிறாள்.

"ஏப்பா, இம்புட்டுப் பேரை எங்கிட்டு இருந்து ஏத்திட்டு வந்த? எல்லாம் வயசான ஆளுக... நம்ம ஆளுகளாத்தேன் தெரியுது. சீட்டு இருந்தும் உக்காராம நின்னுக்கிட்டே இருக்காக பாரு. இறங்கச் சொல்லுப்பா. காபி போட்டுருக்கு."

அவன் திரும்பவில்லை. இறங்கச் சொல்லவும் இல்லை. அந்த வார்த்தை அவனுக்கு வாயில் வரவில்லை.

"சொல்லுப்பா" என்றாள்.

மலையம்மாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி இரண்டடி முன்னால் போய், கும்பிட்டு, "வாங்க... எல்லாரும் வாங்க" என்றாள்.

அவனுக்குப் பின்னால் காரின் ஸ்பிரிங் ஒருதரம் எழும்பிய சத்தம் கேட்டது. ஒருவர் இறங்கினால் கேட்குமே, அந்தச் சத்தம். பிறகு இன்னொருதரம். பிறகு இன்னொன்று. பின் சீட்டில் மூன்று பேர்தான் உட்கார முடியும்.

நாற்பத்தொன்று வரை எண்ணினானாம். அதற்கு மேல் எண்ணவில்லை. விடிகிற வரைக்கும் சத்தம் நிற்கவில்லை.